மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் தங்கிச் சமையல் கற்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. வீட்டில் சமையல் முழுக்க எங்கள் அத்தை கையில்தான். அத்தை என்றால் என் மாமியார். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவரோடு வேலை பார்த்த ஒருவரின் தங்கை மலேசியாவிலிருந்து வந்து, நான்கு நாள் தங்கி, அத்தையிடம் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டு போனார். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர் என்று இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ என்று எல்லா ஊரிலிருந்தும்.

கிளம்புவதற்கு முன் போனில் அவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்று எழுதினாலும், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

"இது சமையல் கிளாஸா, இல்ல சும்மா வீட்ல வந்து தங்குறதா?"

கிளாஸ் கிடையாது. அச்சடித்த செய்முறைத் தாள், ஆளுக்கு ஒரு அடுப்பு என்று எதுவும் இருக்காது. வீட்டுக்கு அன்றைக்கு என்ன சமையலோ அதில் நீங்களும் ஒரு கை கொடுப்பீர்கள். காலையில் பால் காய்ச்சுவதிலிருந்து ராத்திரி மாவில் உப்புப் போட்டுக் கரைத்து வைப்பது வரை கூடவே நிற்கலாம்.

எங்கள் வீட்டில் சாப்பிட எட்டுப் பேர். நீங்கள் நறுக்கிய கத்தரிக்காய் அன்று மதியமே எங்கள் மாமா தட்டில் இருக்கும். நாலு பேர் பசியோடு காத்திருக்கும்போது சமைத்துப் பழகினால்தான் கை வேகம் வரும். அதனால்தான் வீட்டில் தங்கிக் கற்கச் சொல்கிறேன்.

"எனக்கு வெங்காயம் உரிக்கக்கூடத் தெரியாது. வரலாமா?"

தாராளமாக வாருங்கள். முதல் நாள் எல்லோருக்கும் வெங்காயம் உரிக்கும் வேலைதான். எங்கள் குழம்புக்குச் சின்ன வெங்காயம்தான், கால் கிலோவாவது ஆகும். கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு உரித்தால் தோல் சுலபமாக வரும், கண்ணும் எரியாது.

அருவாமனையில் நறுக்கிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. கட்டையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். கத்தி நகராது, காய்தான் நகரும். இரண்டு கையாலும் காயைப் பிடித்து முன்னால் தள்ள வேண்டும். எழுந்திருக்கும்போது ஞாபகமாக அருவாமனையைப் படுக்கப் போட்டுவிட்டு எழுந்திருங்கள், நிற்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதைத் தாண்டிக் கையை நீட்டி எதையும் எடுக்கவும் கூடாது. இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் அத்தை சத்தம் போடுவார். பயமாக இருந்தால் கத்தியும் பலகையும் இருக்கிறது.

"எத்தனை நாள் தங்கணும்? காலைல வந்துட்டு சாயந்தரம் கிளம்ப முடியாதா?"

ஒரு நாள் வந்தால் நல்ல சாப்பாடு சாப்பிட்டுப் போகலாம், அவ்வளவுதான். நான்கு நாளாவது இருங்கள். முதல் நாள் அத்தை செய்வதைப் பார்ப்பீர்கள். இரண்டாம் நாள் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்வீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் செய்வீர்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான்காம் நாள் அவர் அடுப்படிப் பக்கமே வரமாட்டார்.

நான்கு நாளில் இருபது பதார்த்தம் கற்க வேண்டும் என்று பட்டியலோடு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஒரே புளிக்குழம்பை மூன்று தரம் வையுங்கள். மூன்றாவது தரம் வைக்கும்போது பிடிபடுவது முதல் இரண்டு தரத்தில் கண்ணுக்கே தெரியாது.

"எந்த மாசம் வந்தா நல்லது?"

ஐப்பசியிலிருந்து மாசி வரை சௌகரியம். மழை பெய்து கண்மாய் நிறைந்திருக்கும், காய் நன்றாக இருக்கும், அடுப்படியில் வெக்கை இருக்காது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். விறகடுப்பு முன்னால் உங்களால் உட்கார முடியாது. ஆனால் மிளகாய், மல்லி காய வைப்பது, வற்றல் போடுவது, வடகம் பிழிவது எல்லாம் அந்த வெயிலில்தான் நடக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனி கடைசியில் வாருங்கள்.

அழகர் ஆற்றில் இறங்குகிற வாரமும் பொங்கலை ஒட்டிய நாட்களும் வேண்டாம். வீடு நிறைய விருந்தாளி இருப்பார்கள், அத்தைக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. எங்கள் ஊர் ஜெனகை மாரியம்மன் கோவில் திருவிழா வைகாசியில். அப்போதும் அதே நிலைமைதான்.

கறி கற்க வருகிறவர்கள் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி, அமாவாசை, கார்த்திகை நாட்களில் கவிச்சி கிடையாது. புரட்டாசி மாசம் முழுக்கக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நடுவில் விழுகிற மாதிரி வாருங்கள்.

"மதுரைன்னா பரோட்டா, ஜிகர்தண்டா. அதெல்லாம் சொல்லித் தருவீங்களா?"

அவை கடைச் சாப்பாடு. பரோட்டா மாஸ்டர் மாவை வீசுகிற கைப்பழக்கம் வருஷக்கணக்கில் வருவது, எங்கள் யாருக்கும் தெரியாது. ஜிகர்தண்டாவுக்குப் பாலை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்ச வேண்டும், கடல்பாசி வேண்டும், நன்னாரி சர்பத் வேண்டும், ஐஸ்கிரீம் வேண்டும். விளக்குத்தூண் பக்கம் போய் நின்று குடித்துவிட்டு வாருங்கள், அதுதான் சரி.

வீட்டுச் சாப்பாடு வேறு உலகம். மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு, கோலா உருண்டை, குடல் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், உளுந்தங்களி, பருத்திப்பால். பருத்திப்பாலுக்கு முதல் நாள் ராத்திரியே பருத்தி விதையை ஊறப் போட வேண்டும், ஆகவே வந்தவுடன் சொல்லிவிடுங்கள். மதுரை டவுனில் சௌராஷ்டிராக்காரர் வீடு எதிலாவது கற்க இடம் கிடைத்தால் விடாதீர்கள். முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்து, தட்டிப் பொரித்து, மேலே இட்லிப்பொடி தூவிக் கொடுப்பார்களே, அந்தப் பக்குவம் எங்கள் வீட்டில் இல்லை.

"இந்த மாதிரி வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தெரிந்தவர் மூலமாகத்தான். மதுரைப் பக்கம் சொந்த ஊர் என்று சொல்கிற நண்பர் ஒருவராவது எல்லோருக்கும் இருப்பார். அவருடைய அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ கேட்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் வீட்டோடு தங்குமிடம் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். ஆனால் முன்பணம் அனுப்புவதற்கு முன் சமைக்கிற அம்மாவிடம் இரண்டு நிமிஷமாவது போனில் பேசுங்கள். நடத்துகிறவர் மட்டுமே பேசி, அந்த அம்மா குரலே வரவில்லையென்றால் எனக்கு அது சரியாகப் படாது.

"காசு குடுத்தா தப்பா நெனைப்பாங்களா? எவ்வளவு குடுக்கலாம்?"

கொடுக்காமல் போனால்தான் தப்பு. "விருந்தாளிகிட்ட காசு வாங்குறதா" என்று முதலில் மறுப்பார்கள், எங்கள் அத்தையும் மறுத்தவர்தான். ஆனால் ஒரு ஆளைக் கூடவே வைத்துக்கொண்டு சமைத்தால் ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும். அது உழைப்பு. எங்கள் வீட்டில் தங்க, சாப்பிட, கற்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் வாங்குகிறோம். கறி, மீன் எடுக்கிற செலவு தனி.

பணத்தைச் சமைப்பவர் கையில் கொடுங்கள். வீட்டு ஆம்பிளைகளிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அத்தை வாழ்நாள் முழுக்கச் சமைத்தவர். அதற்காக அவர் கையில் முதல்முதலாகக் காசு வந்தது அறுபத்திரண்டு வயதில். மலேசியாவிலிருந்து முதலில் வந்த அந்தப் பெண் வெற்றிலை மேல் வைத்துக் கொடுத்தது. அதில் ஒரு நூறு ரூபாய்த் தாளை அவர் இன்னும் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

"அவங்கள எப்படிக் கூப்பிடுறது? ஆன்ட்டின்னா பரவாயில்லையா?"

சின்ன வயசுக்காரர்கள் எங்கள் பிள்ளைகள் கூப்பிடுவது போல "அப்பத்தா" என்று கூப்பிடுவார்கள். நாற்பது தாண்டியவர்கள் "அம்மா" என்பார்கள். மேடம், ஆன்ட்டி வேண்டாம், அப்படிக் கூப்பிட்டால் அவரும் உங்களை "நீங்க, வாங்க" என்று தள்ளியே வைத்துப் பேசுவார்.

"ஆம்பளைங்க வரலாமா?"

வரலாம், வருகிறார்கள். கிடா வெட்டுக்கு அண்டா அண்டாவாகச் சமைக்கிற மாஸ்டர்கள் எல்லாம் ஆண்கள்தான், ஆகவே இந்தப் பக்கம் யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். தனியாக வருகிற ஆணைத் தங்க வைக்கச் சில வீடுகளில் யோசிப்பார்கள். பகலில் வந்து கற்றுவிட்டு மதுரையில் அறை எடுத்துத் தங்கலாம்.

"எவ்வளவு உப்புன்னு கேட்டா 'போடுற அளவு'ன்னு சொல்றாங்க. நான் எப்படி எழுதிக்கிறது?"

எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அத்தையிடம் அளவே இல்லை என்று நினைக்காதீர்கள். அவருடைய அளவு கையிலும் கண்ணிலும் காதிலும் இருக்கிறது. கையளவை எழுத ஒரு வழி உண்டு. சின்னத் தராசு ஒன்று கொண்டுவாருங்கள். அவர் டப்பாவிலிருந்து அள்ளியதும் சட்டியில் போடுவதற்கு முன் உங்கள் கிண்ணத்தில் போடச் சொல்லி நிறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் நிறுத்தால், அவர் அள்ளுவது எவ்வளவு ஒரே மாதிரி இருக்கிறது என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். உழக்கு வீட்டுக்கு வீடு மாறும், அதில் தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி என்று அளந்துகொள்ளுங்கள். "நெல்லிக்காய் அளவு புளி" என்றால் காட்டு நெல்லிக்காய் அளவு.

ஆனால் நேரத்தை மட்டும் நிமிஷக் கணக்கில் எழுதாதீர்கள். அதற்குப் பதில் பதத்தை எழுதுங்கள். புளிக்குழம்பையே எடுத்துக்கொள்வோம். நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம். வெந்தயம் சிவக்க வேண்டும், கறுத்தால் குழம்பே கசக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாலு மூச்சு நேரம், ஆகவே உரித்த வெங்காயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெங்காயம் ஓரம் சுருங்கிப் பளபளப்பாகும்போது தூள். தூளை எண்ணெயில் ஒரு பிரட்டு பிரட்டி, நெடி மூக்கில் ஏறுவதற்குள் புளிக்கரைசல். அப்புறம் கொதியைக் கவனியுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழாக, நுரையோடு பொங்கிக்கொண்டு வரும். அப்போது முகர்ந்தால் பச்சை வாசனை இருக்கும். நுரை அடங்கி, குமிழ் சிறுத்து, "பொத், பொத்" என்று கனமாகச் சத்தம் வரும். சட்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக ஒரு வளையம் கட்டும். கரண்டியைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் குழம்பு ஒட்டியிருக்கும். இறக்க வேண்டியது அப்போது.

ஒருமுறை அத்தை கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியில் பெங்களூரிலிருந்து வந்த பையன் தனியாக நின்றான். "அடுப்ப குறைப்பா, அடி பிடிக்கப் போகுது" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். அவன் கரண்டியை விட்டுப் பார்த்தான், அடியில் லேசாக ஒட்ட ஆரம்பித்திருந்தது. சத்தம் மாறியதை வைத்துச் சொன்னார். அன்றைக்கு அவன் நோட்டில் எழுதிக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான்.

"நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். எங்கட குழம்பும் உங்கட குழம்பும் ஒண்டுதானே, படிக்க என்ன இருக்கு?"

நிறைய இருக்கிறது. உங்கள் தூளில் எல்லாவற்றையும் நன்றாக வறுத்து இடிப்பீர்கள், நிறமும் மணமும் வறுவலிலிருந்து வரும். எங்கள் குழம்புத்தூளுக்கு ஒரு கிலோ மல்லிக்கு அரைக் கிலோ மிளகாய் என்ற கணக்கில் வெயிலில் காய வைத்து, கொஞ்சம் துவரம்பருப்பு, சீரகம், மிளகு, மஞ்சள் சேர்த்து மில்லில் திரித்துக்கொள்வோம். நீங்கள் தேங்காய்ப்பால் விடுகிற இடத்தில் நாங்கள் தேங்காயை மைய அரைத்துக் கடைசியில் விடுவோம். இந்தக் கேள்வியைக் கேட்ட அக்கா ஒரு போத்தல் யாழ்ப்பாணத் தூளோடு வந்தார். அத்தை அதில் மீன் குழம்பு வைக்க அவரிடம் கற்றுக்கொண்டார். அந்த முறை யார் யாருக்குக் காசு கொடுப்பது என்று கடைசி நாள் இரண்டு பேரும் வெகு நேரம் மல்லுக்கட்டினார்கள்.

"ஊர்ல எங்க வீட்ல அம்மி கிடையாது. அதுல அரைச்சுக் கத்துக்கிட்டு என்ன பண்றது?"

மிக்ஸியைச் சரியாக ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான். அம்மியில் மசாலா நசுங்கும், மிக்ஸியில் வெட்டுப்படும், கூடவே சூடும் ஏறும். அம்மியில் ஒரு தரமாவது அரைத்துப் பார்த்தால், வெண்ணெய் போல மைய அரைத்த தேங்காய் விரலில் எப்படி வழுக்கும், ஒன்றிரண்டாகத் தட்டிய பூண்டு எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி, ஓரத்தை வழித்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அதே பக்குவத்துக்குக் கொண்டுவரலாம். குழவியைத் தூக்கும்போது மட்டும் விரல் பத்திரம்.

"அயிரை மீன் குழம்பு கத்துக்கணும். ஆனா உயிரோட சுத்தம் பண்ணுவாங்களாமே, என் மனைவியால பாக்க முடியாது."

உண்மைதான். அயிரை சுண்டுவிரலை விடச் சின்ன மீன், சேற்றில் இருப்பது. வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் உயிரோடு வாங்கி, தண்ணீரில் கொஞ்சம் பாலோ மோரோ தேங்காய்ப்பாலோ கலந்து விடுவார்கள். மீன் அதைக் குடித்து உள்ளே இருக்கிற மண்ணைக் கக்கிவிடும். அப்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி, தண்ணீர் தெளிகிற வரை அலசுவார்கள். அலசியது போதாவிட்டால் குழம்பில் மண் நறநறக்கும்.

பார்க்க மனசில்லாதவர்கள் அந்த அரை மணி நேரம் தோப்புப் பக்கம் நடந்துவிட்டு வரட்டும், யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். கண்மாயில் தண்ணீர் இருக்கும் காலத்தில்தான் நல்ல அயிரை வரும், விலையும் ஆட்டுக்கறியோடு போட்டி போடும்.

"நாங்க சுத்த சைவம். எங்களுக்கு என்ன இருக்கு?"

மேலே கிழமைகள் சொன்னேனே, வாரத்தில் பாதி நாள் எங்கள் வீடே சைவம்தான். செவ்வாயிலிருந்து சனி வரை தங்குகிற மாதிரி வாருங்கள். பாத்திரம் தனியாக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மண்சட்டி புதிதாக வாங்கிப் பழக்கி வைக்கவே நாலைந்து நாள் ஆகும். காய் வாங்கவும் பழகிக்கொள்ளுங்கள். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் கூட்டிப்போவோம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999-ல் தொடங்கியது. மளிகைக்குக் கீழமாசி வீதி. அங்கே மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நடந்தால் தும்மல் வரும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

"பிள்ளைங்களுக்குக் காரம் ஆகாது. வயிறும் கெட்டுடுமோன்னு பயம்."

பிள்ளைகளுக்குப் பருப்பும் நெய்யும், இட்லிக்கு எள்ளுப்பொடி, தயிர்சோறு. குடிக்கக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் எப்போதும் இருக்கும். பெரும்பாலும் வயிறு கெடுவது ஒரே நாளில் வீட்டுச் சாப்பாடும் ராத்திரிக் கடைச் சால்னாவும் சேரும்போதுதான். முதல் இரண்டு நாள் கடைப் பக்கம் போகாதீர்கள்.

"வீடியோ எடுக்கலாமா? நான் சமையல் சேனல் வச்சிருக்கேன்."

கேட்டுவிட்டு எடுங்கள். கையையும் சட்டியையும் எடுக்க அத்தைக்கு ஆட்சேபம் இல்லை, முகம் வேண்டாம் என்பார். மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் இரண்டு நாள் தங்கி எடுத்துக்கொண்டு போய், தன் பாட்டியின் பரம்பரைக் குழம்பு என்று போட்டுவிட்டார். அத்தையின் வளையல் கை அதில் அப்படியே இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் காட்டித்தான் தெரியும். அத்தை கோபப்படவில்லை, "எம் பேரு சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் ஊரையாவது சொல்லுங்கள்.

"அந்த மூணு நாள்ல இருந்தா அடுப்படிக்குள்ள விடுவாங்களா?"

எங்கள் வீட்டில் தடை இல்லை. சாமிக்குப் படைக்கிற அன்று மட்டும் அத்தை அந்தச் சமையலைத் தானே பார்த்துக்கொள்வார். சில வீடுகளில் இன்னும் ஒதுங்கச் சொல்வார்கள். அங்கே போய் மனம் நோவதை விட, வீட்டில் இருக்கிற பெண் ஒருவரிடம் முன்பே போனில் கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, என்னிடம் பாதிப் பேர் கேட்கிறார்கள்.

"நாங்க என்ன ஆளுகன்னு கேப்பாங்களா? உண்மையச் சொல்லுங்க."

சில வீடுகளில் கேட்பார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். "பூர்வீகம் எது", "குலசாமி எங்க" என்று சுற்றி வருவார்கள். எங்கள் வீட்டிலும் முதல் வருஷம் அது நடந்தது. வந்திருந்த பெண்ணிடம் அத்தை பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். அந்தப் பெண் கையிலிருந்த கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டாள். முகம் அப்படியே வாடிப்போனது. அன்று ராத்திரி நானும் என் கணவரும் அத்தையிடம் உட்கார்ந்து பேசினோம். மறுநாள் காலையில் அத்தையே காபியை ஆற்றிக்கொண்டுபோய்க் கொடுத்து, "மனசுல வச்சுக்காத தாயி" என்றார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் வந்ததில்லை.

நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை. உங்களுக்கு மட்டும் தனி டம்ளர் வந்தாலோ, அடுப்படி வாசலோடு நிறுத்தினாலோ, அன்றே கிளம்பிவிடுங்கள். அந்த வீட்டைச் சொல்லி அனுப்பியவரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். அந்தக் கையிலிருந்து கற்க வேண்டிய ருசி எதுவும் இல்லை.

"கனடா பாஸ்போர்ட்ல வர்றோம். வீட்ல தங்க ஏதும் பதியணுமா?"

வீட்டுக்காரர்தான் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு தங்குகிறவர்களின் விவரத்தை, வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் கொடுக்க வேண்டும். சி படிவம் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். பாஸ்போர்ட், விசா நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதியத் தெரியாது என்று சொல்கிற வீடென்றால் பகலில் கற்றுவிட்டு ஓட்டலில் தங்குங்கள்.

"அங்க நல்லா வந்துச்சு, எங்க ஊர்ல வச்சா அந்த ருசி வரல. ஏன்?"

பொருள்கள் மாறியிருக்கும். புளியிலிருந்து ஆரம்பியுங்கள். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி வெளிறி இருக்கும், பழம்புளி கறுத்துப் புளிப்பு ஏறி இருக்கும். நீங்கள் புட்டியில் வாங்கும் கரைசல் இரண்டிலும் சேராது. அத்தை வைத்திருந்தது பழம்புளி. உங்கள் ஊர்ப் புளியை ஊற வைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். அடுத்தது வெங்காயம். சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயத்தைப் போட்டால் தண்ணீர் கூடும், இன்னும் கொஞ்ச நேரம் வதக்க வேண்டும். எண்ணெயும் மாறியிருக்கலாம். அங்கே சீனக் கடைகளில் கிடைக்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, நம் நல்லெண்ணெய் இல்லை. அதை ஊற்றினால் குழம்பு வேறு நாட்டுக்குப் போய்விடும்.

இட்லி மாவு புளிக்கவில்லை என்றும் எழுதுகிறார்கள். நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து என்பது எங்கள் கணக்கு. உளுந்து மாவில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். சித்திரையில் இங்கே ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு மார்கழியில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். உங்கள் குளிருக்கு ஓவன் அடுப்பைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வையுங்கள். இதிலும் மணிக்கணக்கைப் பார்க்காதீர்கள், முன்னே சொன்ன பதக் கதைதான்.

"தூள், ஊறுகாய் எல்லாம் கொண்டு போகலாமா?"

தூளைப் பெரிய பெட்டியில் போடுங்கள், கையோடு கொண்டுபோகும் பையில் வேண்டாம். ஊறுகாயை இரண்டு உறையில் கட்டுங்கள். கருவாடு, நெய், விதைகளுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு. ஆஸ்திரேலியா போகிறவர்கள் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

"ஊருக்குப் போனப்புறம் சந்தேகம் வந்தா அப்பத்தாகிட்ட போன்ல கேக்கலாமா?"

கேளுங்கள், அவருக்கு அது பிடிக்கும். நம் நேரத்துக்கு மதியம் இரண்டரையிலிருந்து நாலுக்குள் கூப்பிடுங்கள். அப்போதுதான் பாத்திரம் கழுவி, வெற்றிலை போட்டு உட்கார்ந்திருப்பார். எல்லாம் முடிந்தபிறகு "சரியா வரலை அப்பத்தா" என்று கூப்பிட்டால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. சட்டி அடுப்பில் இருக்கும்போது கூப்பிடுங்கள். வீடியோவில் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. போனைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிக் காதில் வைத்துக் கேட்பார். போன வாரம் டொரண்டோவிலிருந்து ஒரு பெண் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து குழம்பு வைத்துக்கொண்டே கூப்பிட்டாள். அத்தை கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இன்னும் தண்ணிச் சத்தமாத்தான் கேக்குது, மூடியத் தொறந்து வச்சுக் கொதிக்க விடு தாயி" என்றார்.